தாயில்பட்டிப் பக்கம் ஒரு வீரைக்காடு

சிவகாசிக்கு நான் போனது கலண்டர் அச்சடிக்க. வவுனியாப் பள்ளிக்கூடமொன்றில் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, என்னோடு வேலைசெய்த இரண்டு ஆசிரியைகளும் நானும் சேர்ந்து ஒரு நாற்றுமேடை நடத்துகிறோம். எங்கள் பக்கத்துக் காட்டு மரங்கள் மட்டும். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மரங்களின் படத்தைப் போட்டு, வகுப்பறைச் சுவர்களில் மாட்ட ஒரு பெரிய கலண்டர் செய்யலாம் என்று தீர்மானித்தோம். கலண்டர் என்றால் சிவகாசிதான் என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று மெஷினில் நிற்கிறவருக்குத் தெரியாது, ஒருவர் கூடவே நிற்கவேண்டும் என்றேன். அப்படிச் சொன்னதால் நானே போகவேண்டியதாயிற்று.

விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆடி மாதம். மேற்கிலிருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். கரிசல் வயலின் வரப்பிலும், வற்றிய கண்மாய்க்குள்ளும், இடிந்த கிணற்றுக்குள்ளும் அதே முள்மரம். வேறொரு மரத்தைக் காண்பேன் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். நடுவில் சில வேம்புகளும் ஒரு புளியமரமும் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை. டிக்கெட் கேட்ட என் தமிழைக் கேட்டுவிட்டு, நான் கேரளாவா என்று கண்டக்டர் விசாரித்தார். இல்லை, இலங்கை என்றேன். அவர் என்னை இன்னொரு முறை பார்த்துவிட்டு, காற்றில் தலை வலிக்கும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார்.

அச்சகத்தின் முதலாளி நிஜாம் பாய். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், விரல் நகங்களில் எப்போதும் ஏதோ ஒரு நிறம். எங்கள் ஊரில் என்றால், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல, ‘நானா’ என்று கூப்பிட்டிருப்பேன். இங்கே பாய் என்று சொல்லவேண்டும் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். அவர் என்னை டீச்சரம்மா என்றார். அன்று மத்தியானம் மாடியில் உட்கார்ந்து படங்களின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே எங்கோ ஒரு வெடி வெடித்தது. அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எங்கள் ஊரில் யுத்தம் முடிந்து கனகாலம் ஆகிவிட்டது. உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. நிஜாம் பாய் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "பட்டாசு டெஸ்டிங் பாக்குறாக, டீச்சரம்மா. சீசன் வந்திருச்சுல்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் ஒரு சிக்கல். ஆகஸ்ட் மாதத்துக்கு வீரை மரத்தைப் போட்டிருந்தோம். அந்தப் படத்தை எங்கள் ஆசிரியை ஒருத்தி கைப்பேசியில் எடுத்திருந்தாள். சின்னத் திரையில் பார்க்க அழகாக இருந்தது. கலண்டர் அளவுக்குப் பெருப்பித்தபோது மரம் கரைந்து பச்சைப் புகையாகிவிட்டது. வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் காட்டுக்குப் போய் வேறு படம் எடுத்து அனுப்ப மூன்று நாளாவது ஆகும் என்றார்கள். மெஷின் வெள்ளிக்குப் பிறகு வேறு ஆர்டருக்குப் போய்விடும். வீரையை விட்டுவிட்டு ஒரு கொன்றையைப் போடலாமா என்று நிஜாம் பாய் கேட்டார். கொன்றையை எல்லோருக்கும் தெரியும், வீரையைத்தான் ஒருவருக்கும் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பைண்டிங் பகுதியில் வேலைசெய்யும் ஒரு பெண் கையில் பசையோடு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் முத்துமாரி. மேசையில் கிடந்த மங்கலான படத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த அடிமரத்தின் படத்தைப் பார்த்தாள். வீரையின் அடிமரம் மற்ற மரங்களைப்போல உருண்டையாக இராது. கயிறுகளைச் சேர்த்து முறுக்கியதுபோல இருக்கும், இடையிடையே பொந்துகள்.

"இது எங்க சாமிக்காட்டு மரம்ல, டீச்சர்" என்றாள்.

நான் நம்பவில்லை. பார்த்த இடமெல்லாம் சீமைக்கருவேலம் நிற்கிற இந்த மண்ணில் வீரையா? பழம் எப்படி இருக்கும் என்று கேட்டேன், வாத்தியார் புத்தி. சிவப்பாக, சுண்டைக்காய் அளவில், இந்த மாதத்தில் கிளைநெடுகக் காய்த்துக் கிடக்கும், செண்பகக்குருவி வந்து தின்னும் என்றாள். சரியான விடை. தாயில்பட்டியில் இறங்கினால் அவளுடைய ஊர் நடக்கிற தூரம். அடுத்த நாள் புதன்கிழமை, வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த கோயில் ஆடிப் பொங்கலுக்காக அவள் விடுப்பு எடுத்திருந்தாள். வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள்.

புதன்கிழமை மினிபஸ்ஸில் போனேன். தாயில்பட்டி என்று யாரோ சொன்னதைக் கேட்டு இறங்கினேன். சொன்னவர், அடுத்த நிறுத்தம் தாயில்பட்டி என்று இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். பஸ் போனபிறகுதான் விளங்கியது. வெயிலில் ஒரு டீக்கடைகூட இல்லாத சாலை. தூரத்தில் வேலிகளுக்குள்ளே தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச்சின்ன ஒற்றை அறைகள். பட்டாசுக் கம்பெனிகள். ஒரு அறை வெடித்தால் பக்கத்து அறைக்குப் பரவாதிருக்க அந்த இடைவெளி என்று பிறகு சொன்னார்கள். அரைமணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. பின்னால் முழுக்க வெடி செய்வதற்கான காகிதக் குழாய்கள், வெறுங்குழாய்கள்தான். பெண்பிள்ளை தனியாக வெயிலில் நிற்கக்கூடாது என்று ஓட்டுநர் வைதபடியே என்னை ஏற்றிக்கொண்டு, தன் சாப்பாட்டுப் பையில் இருந்து சாத்தூர்க் காராச்சேவை எடுத்து நீட்டினார். எங்கள் மிக்சரைவிட உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் திருப்தியாகச் சிரித்தார்.

முத்துமாரி ஊர் எல்லையில் காத்திருந்தாள். அவளோடு சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். முள் சேலையைப் பிடித்து இழுத்தது. திடீரென்று முள் முடிந்தது. வெயிலும் முடிந்தது.

அதை எப்படிச் சொல்வது? வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் மழை. மிச்ச நாளெல்லாம் வறட்சி. அப்படிப்பட்ட நிலத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் என்றுதான் நினைப்போம். இந்த வகைக் காடு உதிர்ப்பதில்லை. சின்ன இலை, தோல்போலத் தடித்த இலை, தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் இலை. உயரம் அதிகமில்லை. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையாகிவிடும், உள்ளே மண் ஈரமாகவே இருக்கும். உலர் பசுமைமாறாக் காடு என்று வகுப்பில் படிப்பித்தேன். கடலுக்கு அந்தப்பக்கம் எங்கள் வன்னியிலும் இந்தப்பக்கம் தமிழ்நாட்டுச் சமவெளியிலும் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. இங்கே மிஞ்சியிருப்பவை அநேகமாகக் கோயிலைச் சுற்றிய துண்டுகள்தான். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டவை.

அது நாலைந்து ஏக்கர் இருக்கும். வீரைதான் அதிகம். பாலை நின்றது, மஞ்சள் பழத்தோடு. நாங்கள் காயா என்று சொல்கிற மரத்தைக் காசா என்றாள். ஆதொண்டைக்கு இரண்டு கரையிலும் ஒரே பெயர். நான் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பெயர் சொன்னேன், அவளும் சொன்னாள். ஒரு பாலைப்பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது. "ஏ டீச்சர், பேச முடியாமப் போயிரும்" என்றாள். எங்கள் ஊரிலும் பாலைப்பழக் காலத்தில் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும்.

இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் என்றாள். ஆறு பேர் பட்டாசுக் கம்பெனி, ஒருத்தி தீப்பெட்டி, அவள் அச்சகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாறையோடு வந்து, காட்டுக்குள் நுழைந்துவிட்ட சீமைக்கருவேலத்தை வேரோடு நெம்பி எடுக்கிறார்கள். ஓரத்தில் இன்னும் நிறைய நின்றது. ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்று நான் அறிவுரை சொன்னேன். அவள் மறுத்தாள். ஆரம்பத்தில் ஒரு பக்கம் அப்படித்தான் முழுக்க எடுத்தார்களாம். நிழல் போனதும் அதற்குக் கீழே தானாக முளைத்திருந்த வீரைக் கன்றுகள் வெயிலில் கருகிவிட்டன. இப்போது வருடத்துக்கு ஒரு துண்டுதான். கன்று இடுப்பளவு வந்த பிறகு அதற்கு மேலே நிற்கும் முள்ளை எடுப்பது. உதிர்ந்த இலையைக் கூட்டுவதில்லை. வெட்டிய முள்ளை ஆடு வராமல் வேலியாகப் போடுவது. நான் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். நாங்கள் வவுனியாவில் அதே தவறைச் செய்துகொண்டிருந்தோம்.

வெளிச்சம் சாய்ந்துவிழும் நேரம்வரை காத்திருந்து வீரையைப் படம் எடுத்தேன். பிறகு அவள் என்னைக் காட்டின் மேற்கு ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் அய்யனார் கோயில். அதன் பின்னால், பத்துப் பன்னிரண்டு மரங்கள் கரிக்கட்டையாக நின்றன. போன வருடத்து ஆடிப் பொங்கலில் கோயில் வாசலில் சரவெடி போட்டிருக்கிறார்கள். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பொறியைத் தூக்கிக் காட்டுக்குள் போட்டுவிட்டது. சருகு பற்றிக்கொண்டது. ஊரே சேர்ந்து அணைத்தது என்றாள். இந்த வருடமும் வாசலில்தான் வெடி என்று பேச்சு.

அதை முடிவுசெய்ய வேண்டியவர் அவளுடைய கணவரின் அண்ணன் கருப்பசாமி. ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், கோயில் விழாவுக்குப் பொறுப்பும் அவர்தான். விழாவுக்கு வெடி எல்லாம் அவர் ஏற்பாடு. பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி. அன்று சாயந்தரம் கோயில் வாசலைச் செதுக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முத்துமாரி என்னை அறிமுகம் செய்தாள். "சாப்பிட்டீகளா?" என்றார் முதலில். பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். காட்டுக்குக் கிழக்கே கண்மாய் வற்றிக் கிடக்கிறது. வெடியை அங்கே போட்டால் காற்று பொறியை வெறும் மண்ணுக்குத்தான் கொண்டுபோகும்.

அவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். "இந்தியா பூராவும் நம்ம செஞ்ச வெடியத்தான் போடுறாக. நம்ம சாமி வாசல்ல மட்டும் போடக் கூடாதுன்னா, நம்ம என்ன பிள்ளைக அவருக்கு?"

"கம்பெனிக்கு ஒருத்தி இரும்பு வளையல் போட்டு வந்தா, பொறி வரும்னு வெளிய அனுப்பிருவீக, அத்தான்" என்றாள் முத்துமாரி. அவள் குரல் உயரவில்லை. "தரையில தண்ணி தெளிச்சாத்தான் உள்ள விடுவீக. காஞ்ச சருகுக்குப் பக்கத்துல சரத்தப் பத்தவைக்க எப்பிடி மனசு வருது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒங்க ஊர்ல இதுக்கு என்ன செய்வாக?"

எங்கள் ஊர் உயர்த்தி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. உள்ளதைச் சொன்னேன். "எங்கட ஐயனார் கோயிலைச் சுற்றியும் இப்பிடித்தான் காடு இருந்தது. சண்டையில எரிஞ்சுபோச்சு. கனகாலமா நட்டுக்கொண்டு இருக்கிறம். மரம் வந்திட்டுது. காடு இன்னும் வரேல்லை."

அவர் கோயிலுக்குப் பின்னால் நின்ற அந்தக் கரிக்கட்டைகளைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். முத்துமாரியின் முகம் வாடிவிட்டது. நான் கதைத்தது கூடிப்போயிற்றோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை.

வியாழக்கிழமை வீரை மெஷினில் ஓடியது. நான்கு தடவை நிறம் மாற்றச் சொன்னேன். ஐந்தாவது தடவை அந்த இலையின் கரும்பச்சை வந்தது. நிஜாம் பாய் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் மனைவி தேங்காய்ச்சோறும் பருப்புத் தாளிச்சாவும் போட்டார். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் இதே சோற்றுக்கு மாசிச் சம்பல் வரும் என்றேன். மாசி என்றால் என்ன என்று அவர் கேட்டு, கருவாட்டைப்போல ஒரு மீன் என்று நான் விளக்கி, அது ஒரு நீண்ட பேச்சாகப் போயிற்று. சாப்பிட்டு முடித்தபோது முத்துமாரியிடமிருந்து தொலைபேசி வந்தது. காலையில் கருப்பசாமி தனியாகக் கண்மாய்க்குள் இறங்கி, காலடியால் அளந்து, கையில் மண்ணை எடுத்துக் காற்றில் தூவித்தூவிப் பார்த்தாராம். கேட்டதற்கு, ஈரச்சாக்கு கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். நான் அதைச் சொன்னதும் நிஜாம் பாய் எழுந்துபோய், அச்சகத்துக் கிட்டங்கியில் கிடந்த சணல் சாக்குகளைக் கட்டிவைக்கச் சொன்னார். "நம்ம அச்சகத்துப் பிள்ள ஒண்ணு அங்கன நிக்குதுல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சாக்குக்கட்டோடு நானும் போனேன். பார்க்காமல் கப்பலேறியிருந்தால் எனக்கு நிம்மதி இருந்திராது. பெண்கள் முதல்நாளே காட்டைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்குச் சருகை வழித்து வெறும் மண்ணாக்கியிருந்தார்கள். தீ தாண்டக்கூடாது என்று. கோயில் வாசலில் வரிசையாகப் பொங்கல் பானைகள். மணிச்சத்தம், குலவை. பூசை முடிந்ததும் கருப்பசாமி வாசலில் ஈரமணல் நிரப்பிய குழியொன்றில் ஒரேயொரு வெடியைப் பற்றவைத்தார். அய்யனாருக்குச் சொல்லிவிட்டோம் என்றார். பிறகு ஊர் முழுக்க அவர் பின்னால் காட்டைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தது. முணுமுணுப்பு இருந்தது. பெரியவர் ஒருவர் வரமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் காட்டின் கிழக்கு ஓரத்தில், பெண்களோடு ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரப் போய் நில்லுங்கள் என்று முத்துமாரி சொன்னாள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒருவர் குறைந்தால் வரிசையில் இடைவெளி விழும். முதல் சரம் வெடித்தபோது என்னையறியாமல் குந்திவிட்டேன். எழுந்து சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இரண்டாவது சரத்துக்கும் குந்தினேன். மூன்றாவதற்கு, குந்திவிடுவேன் என்று தெரிந்திருந்ததால், பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

காற்று அவர் கணக்குப்போட்ட மாதிரியே மேற்கிலிருந்து வீசி, காகிதத்தையும் புகையையும் கண்மாய்க்குள்ளே கொண்டுபோனது. நாலாவது சரம் பாதி வெடித்திருந்தபோது அது சுழன்றது. ஒரு கணம்தான். கங்கோடு ஒரு காகிதத் துண்டு எங்கள் தலைக்கு மேலாக வந்து, வழித்துவைத்த மண்ணைத் தாண்டிச் சருகில் விழுந்தது. நாக்குப்போல ஒரு சின்னத் தீ. முத்துமாரி சாக்கோடு அதன்மேல் விழுந்தாள். நான் பக்கத்தில் புகைந்த இடத்தை அடித்தேன், அணைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒரு பாய் விரிக்கிற இடம் கருகியிருந்தது. அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால், கண்மாய்க்குள் கருப்பசாமி ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றார். ஐந்தாவது சரத்தை விரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"போதும்" என்றார். "சுருட்டி வண்டியில ஏத்துங்க."

கொண்டுவந்ததில் பாதிகூட முடியவில்லை. ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்றார் ஒருவர். இனிக் காற்று நேராகிவிடும் என்றார் இன்னொருவர். அவர் யாரோடும் வாதாடவில்லை. தானே குனிந்து சரத்தைச் சுருட்டத் தொடங்கினார். அவர் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவராலும் முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள்.

கூட்டம் பொங்கல் சாப்பிடக் கலைந்தது. வெடித்த காகிதத்தையும் வெடிக்காமல் கிடந்தவற்றையும் பொறுக்கிக் கண்மாயைச் சுத்தம் செய்தபின், கருப்பசாமி நாங்கள் நின்ற இடத்துக்கு ஏறி வந்தார். கருகிய இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்துச் சூடு பார்த்தார். காற்று தணிந்திருந்தது. காட்டுக்குள் ஒரு செண்பகக்குருவி கூவியது. அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு தவிட்டுக்குருவிகள், சண்டைபோடுகிற மாதிரி.

போன வருடம் வெடிபோட்டு எட்டு நாளாகியும் காட்டில் ஒரு குருவிச் சத்தம் இல்லை என்று முத்துமாரி எனக்குச் சொன்னாள். கருப்பசாமி அவள் வாயசைவைக் கவனித்தார். இத்தனை வருடம் வெடி சோதித்ததில், பக்கத்தில் நின்று பேசும் பேச்சைத் தவிர வேறொன்றும் அவர் காதில் விழுவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

"குருவி வந்திருச்சா?" என்று அவளிடம் கேட்டார்.

"வந்திருச்சு, அத்தான்."

"எம்புட்டு இருக்கும்?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.